கதிரும் காந்தளும்

நூல் என்னும் சொல் தமிழில் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிக்கும். இவ்விரு பொருளுக்கும் உள்ள உறவை நன்னூற் பாயிரத்தில் இடம்பெறும் செய்யுள் ஒன்று உருவகமாக விளக்குகிறது. அங்குப் புலவன் நூற்கும் பெண்ணாகிறான். அவன் கையாளும் சொல் பஞ்சாகவும், இயற்றும் செய்யுள் இழையாகவும், பேசும் வாய் நூற்கும் கையாகவும் காட்டப்படுகின்றன. அவனது மதியோ கதிராகிறது. கதிர் என்பது நூற்புக் கருவியில் சுழன்று இழையை முறுக்கித் தன்மேல் ஏற்றிக்கொள்ளும் கோல். நூல் சுற்றிய நிலையில் அது நடுவே பருத்தும் இருமுனையும் கூர்ந்தும் தோன்றும். இராட்டையும் தக்கிளியும் இல்லந்தோறும் இருந்த காலத்தில் இச்சொல்லுக்கு உரை வேண்டியிருந்ததில்லை.

இராட்டை மறைந்த பின்னரும் அச்சொல் மறையவில்லை. அது உயிரியல் பாடநூலில் குடியேறிற்று. விலங்கின் உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது, அதனுள்ளே சிறிது நேரம் தோன்றி மறையும் இழைக்கட்டமைப்பைத் தமிழ்ப் பாடநூல்கள் கதிர், கதிர்கோல், கதிர் இழை என்றெல்லாம் வழங்குகின்றன. மேலைநாட்டறிஞர் வடிவ ஒப்புமை கருதி இட்ட பெயரின் தமிழாக்கம் இது. அவர்கள் கண்ட கதிர் மெய்ப்பொருளா, கண்ணின் மயக்கமா என்னும் வினா ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் தீராதிருந்தது. அதனைத் தீர்த்ததில் ஒரு நஞ்சுக்குப் பெரும்பங்கு உண்டு. சங்கச் சான்றோர் போற்றிய காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உறைவது அந்நஞ்சே. ஓர் உவமை மெய்யென நிலைபெற்ற இவ்வரலாறு கவிஞர் அறியத் தக்கது.

இழையறிந்த மண்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக்கு இழைத்தொழில் புதிதன்று. 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்குப் பெற்றுப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டது. அக்கோட்டையைச் சார்ந்து நடந்த வாணிகத்தில் பருத்தித் துணியே தலைமைச் சரக்கு. பரங்கிப்பேட்டைத் துறையிலிருந்தும் துணிப்பொதிகள் கடல் கடந்தன. குறிஞ்சிப்பாடியில் கைத்தறி நெசவு பலருக்கு வாழ்வளித்து வந்துள்ளது. நெசவாளர் தெருவில் பாவு விரிப்பதைக் கண்டவர் ஓர் உண்மையை அறிவர். இழைகள் எண்ணி வைக்கப்பட வேண்டும். எண்ணிக்கை பிறழ்ந்தால் துணி கெடும்.

எண்ணிக்கை பிறழக் கூடாத மற்றோர் இழைவேலையையும் இம்மண்ணில் சிலர் கண்டனர். 1929-இல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையில் டி. எஸ். இராகவன் என்னும் பேராசிரியர் குரோமோசோம் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். குரோமோசோம் என்பது உயிரணுவின் உட்கருவிலுள்ள மரபுச் செய்தியைத் தாங்கும் இழைத்திரள். ஒவ்வோர் உயிரினத்துக்கும் அதன் எண்ணிக்கை வரையறைப்பட்டது. இராகவனும் கே. ஆர். வெங்கடசுப்பனும் இஞ்சிக் குடும்பத்துச் செடிகளின் குரோமோசோம்களை எண்ணி, அவற்றின் உறவுமுறையை ஆராய்ந்து 1943-இல் கட்டுரை வெளியிட்டனர்.

அவர்கள் எண்ணியது தாவர உயிரணுக்களை. எனினும் எண்ணும் முறை தாவரத்துக்கும் விலங்குக்கும் பெரும்பாலும் ஒன்றே. உட்கருவுக்குள் பரந்து கிடக்கும் வரை குரோமோசோம்களைத் தனித்தனியே காண இயலாது. உயிரணு பிரியத் தொடங்கும்போது அவை சுருங்கித் தடித்து, கதிரின் நடுவே ஒரே தளத்தில் வரிசையுற நிற்கின்றன. அந்நிலையே எண்ணுதற்குரிய பொழுது. எனவே அக்காலத்துச் சிதம்பரத்து நுண்ணோக்கியும் கதிரின் துணையாலேயே தன் கணக்கைக் கண்டது எனலாம். அக்கதிர் எதனால் ஆனது என்பது அப்போது உலகில் எவருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை.

கண்ட இழையும் காணா வழக்கும்

விலங்கின் உயிரணுவில் இவ்விழைகளை முதலில் விரிவாகக் கண்டுரைத்தவர்களுள் தலையாயவர் ஜெர்மானியரான வால்தர் ஃபிளெமிங். சாலமாண்டர் என்னும் நீர்நில வாழ்வியின் இளவுயிரிகளை அவர் கீல் நகரில் ஆராய்ந்தார். அதன் உயிரணுக்கள் பெரியவை. சாயமேற்றிக் காண்பதற்கு எளியவை. உட்கருப் பொருள் இழைகளாக மாறுவதையும், ஒவ்வோர் இழையும் நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளவுறுவதையும் கண்டு, 1882-இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். இந்நிகழ்ச்சிக்கு அவர் இட்ட மைட்டாசிஸ் என்னும் பெயர், இழையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. இலங்கைத் தமிழறிஞர் இதனை இழையுருப்பிரிவு என வழங்கினர். மூலச்சொல்லின் உயிரைப் பற்றிக்கொண்ட ஆக்கம் அது.

அடுத்த ஆண்டு, 1883-இல், பெல்ஜியரான எட்வார்டு வான் பெனடன் குதிரையின் குடற்புழுவை ஆராய்ந்தார். அதன் முட்டையில் மிகச் சில குரோமோசோம்களே உள்ளமையால் அவற்றின் போக்கை ஒவ்வொன்றாகத் தொடர முடிந்தது. பிளவுற்ற இருபாதிகளுள் ஒன்று ஒரு முனைக்கும் மற்றது எதிர்முனைக்கும் செல்வதை அவர் கண்டார். கதிரின் இரு முனைகளிலும் அமைந்த சிறு மையத்துக்கு 1888-இல் தியோடர் போவெரி சென்ட்ரோசோம் என்று பெயரிட்டார். தமிழில் அதனை மையவுடல் எனலாம். குரோமோசோம் என்னும் பெயரை வால்டையர் வழங்கியதும் அவ்வாண்டே.

போவெரியின் பெருஞ்செயல் கடல் தந்தது. கடல் முள்ளெலியின் முட்டையில் இரண்டு விந்தணுக்கள் ஒரே வேளையில் புகுமாறு செய்தால் மையவுடல்கள் நான்காகும்; கதிரும் இருமுனை இழந்து நான்முனையாகும். குரோமோசோம்கள் நாற்புறமும் ஒழுங்கின்றி இழுபடும். அவ்வாறு பிறந்த உயிரணுக்கள் சமமான பங்கு பெறாமையால் கரு சீர்கெட்டு மடியும். 1902-இல் அவர் வெளியிட்ட இவ்வாய்வு, ஒவ்வொரு குரோமோசோமும் தனக்கெனத் தனிப்பொறுப்பு உடையது என்பதை உறுதிசெய்தது. பங்கீட்டுப் பிழையே புற்றுநோய்க்கு வித்தாகலாம் என்று 1914-இல் அவர் எழுதினார்.

கடலுயிர்களின் முட்டைகள் பெரும்பாலும் தெளிந்தவை. உடலுக்கு வெளியே கருவுறுபவை. ஆதலின் உயிரணுப் பிரிவின் வரலாற்றில் கடற்கரை ஆய்வகங்களுக்குத் தனியிடம் உண்டு. இத்தாலியில் நேப்பிள்சு, அமெரிக்காவில் உட்சு ஹோல், ஜப்பானில் மிசாகி ஆகியவை அத்தகையன. தமிழகத்தில் அம்மரபைச் சார்ந்து எழுந்தது பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழக விலங்கியற் பேராசிரியர் ஆர். வி. சேஷையாவின் முயற்சியால் வெள்ளாற்றின் கழிமுகத்தில் கடலுயிரியல் நிலையம் உருப்பெற்றது. துணிப்பொதி ஏறிய துறையில் கடலுயிர் ஆய்வு கால்கொண்டது.

இனி வழக்குக்கு வருவோம். ஃபிளெமிங் காலத்தவர் கண்டவை எல்லாம் அமிலத்தில் இட்டுக் கொன்று சாயமேற்றிய உயிரணுக்கள். உயிரற்ற புரதக் கரைசலில் அமிலம் இட்டாலும் இழையும் வலையும் போன்ற தோற்றங்கள் உருவாகும் என்று சிலர் காட்டினர். ஆகவே குரோமோசோம் மெய். கதிர் இழை மட்டும் சாவின் சுவடு என்று ஐயுற்றோர் பலர். உயிருள்ள அணுவை நோக்கினால் கதிர் நிற்கும் இடம் தெளிந்த வெளியாகவே தோன்றிற்று. இழை உண்டென்பாரும் இல்லென்பாரும் அரை நூற்றாண்டுக்கு மேல் வாதிட்டனர்.

1952-இல் அமெரிக்கரான டேனியல் மேசியாவும் ஜப்பானியரான கட்சுமா டானும் கடல் முள்ளெலி முட்டையிலிருந்து கதிரை முழுமையாகப் பிரித்தெடுத்தனர். டானின் மாணவர் ஷின்யா இனோவே, தாமே அமைத்த ஒருமுகவொளி நுண்ணோக்கியால் உயிருள்ள அணுவின் கதிர் இழைகளைக் கண்டு 1953-இல் வெளியிட்டார். ஒரே திசையில் அடுக்கப்பட்ட நுண்பொருள்கள் ஒளியை மாற்றும் இயல்பை அவர் பயன்கொண்டார். அணு கொல்லப்படவில்லை, சாயம் ஏற்றப்படவில்லை, இழை இருந்தது. குளிரூட்டினால் அது மறைந்தது. வெப்பமூட்டினால் சில நிமிடங்களில் மீண்டது. கால்ச்சிசின் என்னும் நஞ்சை இட்டாலும் அது கரைந்தொழிந்தது.

இருந்து, இல்லாதாகி, மீண்டும் இருப்பது கதிரின் இயல்பு. முந்தையோரின் வழக்கு நெடிது நீண்டமைக்கும் அதுவே காரணம்.

காந்தளின் நஞ்சு

கால்ச்சிசின் முதலில் ஐரோப்பியக் கால்ச்சிகம் செடியிலிருந்து பெறப்பட்டது. 1820-இல் பிரெஞ்சு வேதியியலார் பெல்லெத்தியேயும் கவாந்தூவும் அதனைப் பிரித்தெடுத்தனர். கீல்வாத நோய்க்கு அச்செடியைப் பயன்படுத்தும் வழக்கம் அதற்கும் பன்னூறு ஆண்டுகள் முந்தியது. அதே நஞ்சு தமிழகத்துச் செங்காந்தளிலும் நிறைந்துள்ளது. கலப்பை வடிவில் கிளைத்த கிழங்கை உடைமையால் கலப்பைக் கிழங்கு என்றும், கார்த்திகைத் திங்களில் மலர்தலால் கார்த்திகைப்பூ என்றும், கண்வலிப்பூ என்றும் மக்கள் அதனை அழைப்பர். தமிழ்நாட்டின் மாநில மலர் அது. வேதாரணியம், மூலனூர், ஒட்டன்சத்திரம் முதலிய பகுதிகளில் விதைக்காகப் பயிரிடப்பட்டு அயல்நாட்டு மருந்தாலைகளுக்கு ஏற்றுமதியாகி வருகிறது.

காந்தளை அறியாத தமிழ்ப் புலவர் இலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களுள் முதலில் நிற்பது அதுவே. மகளிர் விரலுக்கும், குருதி தோய்ந்த பொருளுக்கும், எரியும் சுடருக்கும் அது உவமையாயிற்று. தொல்காப்பியத்தில் புறத்திணைத் துறை ஒன்றுக்கும் பெயராயிற்று. அதன் கிழங்கின் கொடுமையையும் நாட்டு மருத்துவர் அறிந்திருந்தனர். சித்த மருத்துவம் உரிய முறையில் நச்சு நீக்கிய பின்னரே அதனைக் கையாளும். கிழங்கை உண்டு மாண்டோரின் துயரம் தமிழகச் சிற்றூர்களில் அறியப்படாததன்று.

மலரைப் பாடியோரும் கிழங்கைக் கையாண்டோரும் ஒரே மண்ணில் வாழ்ந்தனர். ஆயினும் அக்கிழங்கு உயிரைக் கொல்வது எவ்வாறு என்னும் வினா வேறிடத்தில் எழுந்தது. 1889-இல் சிசிலித் தீவில் பெர்னிச்சே என்பவர் கால்ச்சிசின் ஊட்டிய விலங்கின் திசுவில் பிரிவுநிலையில் நின்றுபோன உயிரணுக்களைக் கண்டு எழுதினார். உலகம் அதனை மறந்தது. 1930-களில் பிரசல்சு நகரத்து டஸ்டினும் அவர்தம் மாணவரும் அதனை மீண்டும் கண்டனர். நஞ்சுண்ட அணுவில் குரோமோசோம்கள் சுருங்கித் தடிக்கின்றன. கதிர் மட்டும் அமைவதில்லை. பாவு இருந்தும் தறி இல்லாத நெசவாளரைப் போல அணு செயலற்று நிற்கிறது.

1937-இல் பிளேக்சுலியும் ஏவரியும் இந்நஞ்சால் தாவரங்களின் குரோமோசோம் தொகையை இரட்டிக்க இயலும் எனக் காட்டினர். கதிர் இன்றிப் பங்கீடு நடவாமையால் இரண்டு பங்கும் ஒரே அணுவில் தங்கிவிடும். சென்னையில் மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்தவரும் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் ஆய்ந்தவருமான ஜானகி அம்மாள், பின்னர் இங்கிலாந்தில் இம்முறையை மக்னோலியா மரக்கன்றுகளில் கையாண்டார். டார்லிங்டனுடன் இணைந்து அவர் 1945-இல் வெளியிட்ட பயிர்த்தாவரக் குரோமோசோம் தொகுப்பு உலகப் புகழ் பெற்றது.

மனித இனத்தின் கணக்கையும் இந்நஞ்சே திருத்திற்று. மனித உயிரணுவில் 48 குரோமோசோம்கள் உள்ளன என்று முப்பதாண்டுக் காலம் உலகம் நம்பியிருந்தது. சுவீடனின் லுண்டு நகரில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் கால்ச்சிசினால் கதிரை நீக்கி, உப்புச்செறிவு குறைந்த நீரால் அணுவை உப்பவைத்து, குரோமோசோம்களை விலகி நிற்கச் செய்து எண்ணினர். தொகை 46 என்பதை 1956-இல் அறிவித்தனர்.

நஞ்சு எதனைப் பற்றுகிறது என்னும் வினா எஞ்சியிருந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் கதிரியக்க அடையாளமிட்ட கால்ச்சிசினை உயிரணுச் சாற்றில் கலந்து அது ஒட்டும் பொருளைத் தேடினர். ஒரு புரதம் அகப்பட்டது. 1967-இல் வெளிவந்த அவர்தம் ஆய்வின்படி அப்புரதம் பிரியும் அணுக்களிலும் கடல் முள்ளெலியின் கதிரிலும் இருந்தது. மூளைத் திசுவில் மிகுதியாக இருந்தது. மறு ஆண்டு ஜப்பானியரான மோரி அதற்கு டியூபுலின் என்று பெயரிட்டார். நரம்பணுவின் நீண்ட இழைகளுக்குள் சரக்குப் போக்குவரத்துக்குத் தடமாக அமைவதும் அதே புரதம் ஆதலின், மூளை அதன் களஞ்சியமாயிற்று.

நன்னூற் பாயிரம் மதியைக் கதிர் என்றது. கதிரின் பருப்பொருள் மதியின் உறைவிடமாகிய மூளையில் நிறைந்திருக்கக் கண்டது அறிவியல். முன்னோர் இதனை முன்னரே அறிந்திருந்தனர் என்று கொள்வது பிழை. அது செய்யுளுக்கும் அழகன்று, அறிவியலுக்கும் அழகன்று. உவமை கூறியவர் நூற்கும் கையை நோக்கினார். ஆய்ந்தவர் நஞ்சின் போக்கைத் தொடர்ந்தார். இருவரும் வெவ்வேறு வழியில் வந்து ஒரு சொல்லில் சந்தித்தனர். வியத்தற்கு அச்சந்திப்பே போதும்.

கதிர் அமையும் வகை

டியூபுலின் மூலக்கூறுகள் உயிரணுவின் நீர்மத்தில் எங்கும் மிதப்பவை. அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குற்று வரிசைகளாகி, பொதுவாகப் பதின்மூன்று வரிசைகள் வட்டமாக இணைந்து உள்துளையுடைய நுண்குழலாகின்றன. அதன் குறுக்களவு 25 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் நாற்பதாயிரம் குழல்களை நெருக்கி அடுக்கலாம்.

பிரிவு தொடங்கும் முன்னரே மையவுடல் இரண்டாகியிருக்கும். அவை உட்கருவின் இருபுறமும் விலகி நிற்கும். ஒவ்வொன்றிலிருந்தும் நுண்குழல்கள் ஞாயிற்றின் ஒளிக்கதிர் போல எத்திசையும் பரவும். உட்கருவின் உறை சிதைந்ததும் அவை குரோமோசோம்களைத் தேடிச் செல்லும். தேடுதல் என்பது வெறும் அணியுரையன்று. 1984-இல் மிட்சிசனும் கிர்ஷ்னரும் காட்டியபடி, ஒவ்வொரு நுண்குழலும் சிறிது வளர்ந்து, திடீரெனச் சரிந்து குறுகி, மீண்டும் வேறு திசையில் வளரும். எதையும் பற்றாத குழல் அழியும்; குரோமோசோமைப் பற்றிய குழல் நிலைக்கும். இருளில் கைநீட்டித் துழாவுவோன் செயலை இது ஒக்கும்.

குரோமோசோமின் இடைப்பகுதியில் இரு மருங்கும் கைனட்டோக்கோர் என்னும் பற்றிடங்கள் உள்ளன. இரட்டையாக நிற்கும் குரோமோசோமின் ஒரு பற்றிடத்தை ஒரு முனைக் குழல்களும், மற்றதை எதிர்முனைக் குழல்களும் பற்ற வேண்டும். இரண்டையும் ஒரே முனை பற்றினால் பங்கீடு பிழைக்கும். சரியான பற்றையும் தவறான பற்றையும் அணு வேறுபடுத்துவது எப்படி? அமெரிக்கரான புரூசு நிக்லசு நுண்ணூசியால் வெட்டுக்கிளியின் உயிரணுவுக்குள் குரோமோசோமை இழுத்துப் பார்த்து விடை கண்டார். இருபுறமும் இழுபடும்போது உண்டாகும் விறைப்பே சரியான பற்றின் அடையாளம். விறைப்பற்ற பற்று நெகிழ்ந்து விடுபடும். விறைப்புள்ள பற்று உறுதிப்படும். பாவு தொய்ந்தால் நெய்ய இயலாது என்பதை அறிந்தவருக்கு இது எளிதில் விளங்கும்.

குரோமோசோம்கள் எல்லாம் நடுத்தளத்தில் நிற்கும்வரை அணு காத்திருக்கும். ஒரே ஒரு குரோமோசோம் பற்றப்படாது நின்றாலும் அதன் பற்றிடத்திலிருந்து பிறக்கும் தடைக்குறிப்பு முழுப் பிரிவையும் நிறுத்திவைக்கும். 1995-இல் லீயும் நிக்லசும் கும்பிடுபூச்சியின் விந்தாக்க அணுவில், தனித்து நின்ற குரோமோசோமை ஊசியால் இழுத்து விறைப்பூட்டினர். காத்திருந்த அணு பிரிந்தது.

தடை நீங்கியதும், இரட்டைகளைப் பிணைத்திருந்த கொஹீசின் என்னும் புரத வளையங்களை ஒரு நொதி வெட்டுகிறது. எல்லா இரட்டைகளும் ஏறத்தாழ ஒரே வேளையில் பிரிகின்றன. பற்றிய நுண்குழல்கள் கழன்று குறுகக் குறுக, குரோமோசோம்கள் முனைகளை நோக்கி நகர்கின்றன. அவ்வேகம் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவினது. அவ்வேகத்தில் ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். பின்னர்க் கதிரே நீண்டு இரு முனைகளும் விலகுகின்றன. அணுவின் இடை சுருங்கி இரண்டாகிறது. கதிர் பெரிதும் கலைந்து மீண்டும் மிதக்கும் மூலக்கூறுகளாகிறது. அடுத்த பிரிவுக்கு அது புதிதாகவே கட்டப்பட வேண்டும்.

இத்தகைய ஆய்வுக்குத் தமிழக மலைகளிலும் வாழும் ஒரு விலங்கு பெருந்துணையாயிற்று. கேளையாடு எனப்படும் குரைக்கும் மானின் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7 குரோமோசோம்களே உண்டு என்பதை 1970-இல் வர்ஸ்டரும் பெனிர்ஷ்கேயும் கண்டனர். குரோமோசோம்கள் சிலவாகவும் பெரியனவாகவும் இருத்தலின், கதிரின் பற்றைத் தெளிவாகக் காண அதன் உயிரணுக்கள் ஆய்வகங்களில் வளர்க்கப்படுகின்றன.

பங்கு பிழைக்குமிடம்

கதிரின் பிழை ஏட்டளவில் நிற்பதன்று. 1959-இல் பாரிசில் லெஜென், கோத்தியே, டர்பன் ஆகிய மூவர் டவுன் குறைபாடுள்ள குழந்தைகளின் அணுவில் 47 குரோமோசோம்கள் இருப்பதை வெளியிட்டனர். ஒரு சிறு குரோமோசோம் மிகையாயிருந்தது. அணு வளர்ப்புப் பணியைத் தொடங்கி நடத்தியவர் மார்த் கோத்தியே என்னும் பெண் மருத்துவர். தம் பங்கு உரியவாறு போற்றப்படவில்லை என்று அவர் அரை நூற்றாண்டு கழித்து எழுத நேர்ந்தது. பங்கீட்டுப் பிழையைக் கண்டுரைத்த ஆய்விலேயே புகழின் பங்கீடு பிழைத்தது.

அம்மிகை பெரும்பாலும் தாயின் கருமுட்டை உருவாகும்போது நேர்வது. மனிதக் கருமுட்டையில் மையவுடல் இல்லை. அதன் கதிர் மையவுடலின் துணையின்றியே அமைகிறது. குரோமோசோம்களைப் பிணைக்கும் வளையங்களோ அப்பெண் தன் தாயின் கருவில் இருந்தபோதே இடப்பட்டவை. பல ஆண்டுகள் காத்திருந்து தளர்பவை. ஆண்டு ஏற ஏறப் பிழை மிகுவதற்கு இது முதன்மையான காரணம். குழந்தையின் குறைபாட்டுக்குத் தாயின் ஒழுக்கத்தையோ விதியையோ பழிக்கும் வழக்கம் எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் இவ்வுண்மை சென்று சேர வேண்டும்.

கதிரைத் தடுக்கும் நஞ்சு உயிர் காப்பதும் உண்டு. வீட்டு முற்றங்களில் வளரும் நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் ஆகிய மருந்துகள் 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் பெறப்பட்டன. அவை டியூபுலினைப் பற்றி, கட்டின்றிப் பிரியும் புற்றணுக்களின் கதிரைச் சிதைப்பவை. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் மருத்துவத்தில் வின்கிரிஸ்டின் இன்றியமையாததாயிற்று. கடலூர் மாவட்டத்து நோயாளிகள் பலர் நாடிச் செல்லும் புதுவை ஜிப்மர் போன்ற மருத்துவமனைகளில், ஒரு பூச்செடியின் நஞ்சு பிள்ளைகளின் உயிரை மீட்கும் மருந்தாகிறது.

சொல்லாக்கமும் கவிஞரும்

இவ்வரலாற்றைத் தமிழில் எழுத இயல்வதற்குச் சொற்கள் வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931 முதல் 1933 வரை விளங்கிய விபுலானந்த அடிகள் அறிவியலும் கற்றவர். 1936-இல் சென்னையில் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன். அவர் கவிஞர். தமிழில் அறிவியலுக்குச் சொல் தேடிய பணி புலவரையும் கவிஞரையும் விலக்கி நடந்ததன்று.

கதிர் என்னும் சொல்லையே சான்றாகக் கொள்ளலாம். ஆங்கிலம் கதிர்கோலுக்கு ஒரு சொல்லும், மையவுடலைச் சூழ்ந்து பரவும் ஒளிவட்ட அமைப்புக்கு விண்மீன் எனப் பொருள்படும் மற்றொரு சொல்லும் வைத்துள்ளது. தமிழில் கதிர் நூற்கும் கோலையும் குறிக்கும். ஞாயிற்றின் ஒளியையும் குறிக்கும். முனை கூர்ந்த நெற்கதிரையும் குறிக்கும். மையவுடலிலிருந்து பரவுவதும் கதிர். நடுவே திரண்டு நிற்பதும் கதிர். ஒரே நுண்குழல்களின் இரு நிலைகள் இவை என்னும் உண்மை அச்சொல்லில் தானே பொருந்துகிறது.

உவமையின் எல்லையையும் உணர வேண்டும். கைக்கதிர் சுழன்று பஞ்சை இழையாக்கும்; அணுவின் கதிர் எதையும் நூற்பதில்லை. இழைகளே கூடிக் கதிராகின்றன. பெயர் வடிவத்துக்கு இடப்பட்டது, தொழிலுக்கு அன்று. இவ்வேறுபாட்டை மறந்து பாடினால் கவிதை பொய்க்கும்; அறிந்து பாடினால் பழஞ்சொல் புதுப்பொருள் பெறும். தில்லையைச் சார்ந்த கவிஞர்க்கு இந்நிகழ்ச்சியைக் கூத்தாகக் காணவே தோன்றும். அதனினும் நெருங்கிய ஒப்புமை நெசவாளர் தெருவில் இருக்கிறது. கடைசி இழை விறைப்புறும்வரை காத்திருத்தலும், ஒரு பங்கும் குறையாது இருபுறமும் பகிர்தலும் அங்கு அன்றாடம் நிகழ்பவை.

பத்தாண்டு கண்ட இலக்கிய வட்டத்தின் கவிஞர் கைகளில் காந்தள் இன்னும் விரலுக்கே உவமையாகி வருகிறது. அதன் கிழங்கில் உறையும் நஞ்சு உயிரின் பங்கீட்டு முறையை உலகுக்குக் காட்டிய வரலாறு பாடப்படாமல் இருக்கிறது. பாடுவோர் வருவாராயின் அவர்க்கு வேண்டிய சொல் தமிழில் முன்னரே ஆயத்தமாக உள்ளது.